வழி கேட்டுத் தூங்க வைக்கும் டாக்டர்

எங்கள் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அன்பரசிக்கு ஒரு பழக்கம் உண்டு. மற்ற இடங்களில் ஊசியைப் போட்டுவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வார்கள். இவர் எண்ணச் சொல்ல மாட்டார். மேசையில் படுத்திருப்பவரின் காதருகே குனிந்து, "இங்கேர்ந்து உங்க வூட்டுக்கு எப்பிடிப் போவணும்? வழி சொல்லுங்க, நானும் வர்றேன்" என்பார். அவர்களும் சொல்லத் தொடங்குவார்கள். பாதி வழியிலேயே தூங்கிப்போவார்கள்.

நான் கல்பனா. கண்ணமங்கலத்துக்காரி. இந்த ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றே என் தலை நரைத்துவிட்டது. வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது வழியென்ன, வாய்க்காலென்ன என்று முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. கேட்கக் கேட்க அது பிடித்துப்போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. படவேட்டிலிருந்து வந்த கரும்பு விவசாயி ஒருவர் தன் தோட்டத்து வாய்க்கால் வரைக்கும் எங்களைக் கூட்டிப்போய், "செருப்பக் கழட்டிக்குங்க, தண்ணி கீது" என்று சொல்லிவிட்டு உறங்கினார். சுவேதா என்று ஒரு காலேஜ் பெண் பஸ் ஸ்டாப்பை விட்டே நகரவில்லை. எனக்குப் பித்தப்பையில் கல் என்று என்னையே அந்த மேசையில் படுக்க வைத்தபோது நானும் வழி சொன்னேன். ரயில்வே கேட் வரைக்கும் போனேனாம். கேட் மூடிக் கிடக்கிறது என்று சலித்துக்கொண்டே தூங்கினேனாம். மயக்கத்திலும் உன் குணம் போகவில்லை என்று இன்றைக்கும் கேலி செய்கிறார்கள்.

ஒருவர்கூட வீடு போய்ச் சேர்ந்ததில்லை. போய்ச் சேர்ந்துவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இருந்தாலும் பாதி வழியில் நின்றுபோன அத்தனை பேரோடும் நான் நடந்திருக்கிறேன். சில மத்தியானங்களில் தியேட்டரில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, பார்க்காத ஊர்களின் தெருமுனைகளில் யாருக்காகவோ நான் காத்து நிற்பதுபோல் இருக்கும்.

அன்பரசி ஜவ்வாது மலைக்காரி. மேல்புளியூர் என்று மலை மேல் ஒரு சின்ன ஊர். அப்பாவின் பெயர் சின்னக்குழந்தை. இவர் பள்ளிக்கூட ஹாஸ்டலில் இருந்து படிக்கும் வயதிலேயே அவர் இறந்துபோய்விட்டார். அம்மா பச்சையம்மா சாமை விதைத்து, புளி உலுக்கிப் படிக்க வைத்தாள். அன்பரசி டாக்டரான பிறகு சென்னைக்குப் போவார் என்று எல்லோரும் நினைத்தார்களாம். மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றார். காரணம் கேட்டால் சிரிப்பார். வராந்தா ஜன்னலில் மலை தெரியும். ஒரு கேஸ் முடிந்து அடுத்தது வருவதற்குள் அங்கே போய் நின்றுவிடுவார். கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டியை மறப்பார், குடையை மறப்பார், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு ஊரெல்லாம் தேடுவார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கனவு டாக்டர். அவருக்கும் அது தெரியும்.

மறக்காத ஒரு பொருள் உண்டு. அது சக்கரம் வைத்த சின்ன ஸ்கேன் மிஷின். கர்ப்பிணிப் பெண்களுக்கு வயிற்றில் வைத்துப் பார்ப்பார்களே, அதே சங்கதிதான். நோயாளி அதைத் தேடிப் போக வேண்டாம், அது கட்டிலைத் தேடி வரும். தீவிர சிகிச்சை வார்டில் யாருக்காவது மூச்சு வாங்கினால், களிம்பைத் தடவி, விலா எலும்புகளின் நடுவே அதன் கைப்பிடியை வைப்பார். திரை முழுக்கச் சாம்பல் நிறம் பரவும். விடிகாலையில் மலையில் பனி இறங்குவது மாதிரிதான் இருக்கும். அந்தச் சாம்பலுக்குள் நுரையீரலின் ஓரம் எறும்பு வரிசை போல ஊர்ந்துகொண்டிருந்தால் நல்லது. ஊராமல் நின்றுவிட்டால் ஆபத்து. சின்னதம்பி என்ற பெரியவர் ஒருமுறை மூச்சுக்கு நடுவே, "உள்ள இன்னாம்மா தெரியுது?" என்று கேட்டார். "பனியும் ஒரு குளமும் தெரியுது தாத்தா. குளத்துத் தண்ணிய எடுத்துட்டா நல்லா மூச்சு வுடலாம்" என்றார் அன்பரசி. நுரையீரலைச் சுற்றிக் கட்டியிருந்த நீரை அன்றைக்கே எடுத்தார்கள். பெரியவர் வார்டை விட்டுப் போகும் வரைக்கும் எல்லோரிடமும் தன் குளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அறுவை சிகிச்சைக்கு அவசரமாக வருகிறவர்களின் வயிற்றையும் அன்பரசி அந்த மிஷினை வைத்துப் பார்ப்பார். மயக்கத்தில் தொண்டை தளர்ந்துவிடும். வயிற்றில் சாப்பாடு இருந்தால் அது மேலே ஏறி, மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, ஆளையே கொண்டுபோய்விடும். அதனால்தான் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று எல்லோரிடமும் கேட்கிறோம். மலைக்குக் கீழே இருக்கும் ஊர்க்காரர்கள் உண்மையைச் சொல்வார்கள். பிரியாணி என்றால் அது எந்தக் கடைப் பிரியாணி என்பது வரைக்கும் சொல்வார்கள். மலைக்காரர்கள் மட்டும் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: ஒண்ணும் சாப்பிடல. மிஷினை வைத்தால் வயிறு நிரம்பி இருக்கும். எனக்கு ஆத்திரமாக வரும். ஒருமுறை ஒரு மலைக்காரரிடம், "ஏங்க, உங்க உயிரு மேல உங்களுக்கே பொய்யா?" என்று சண்டைக்கே போய்விட்டேன். அன்பரசி என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு, "வுடுங்கக்கா, எங்க ஊர்க்காரங்க அப்பிடித்தான்" என்றார். ஏன் அப்படி என்று அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. எனக்கு அது தெரிந்தது பங்குனி மாதத்தில் ஒரு பகலில்.

அப்போது புளி உலுக்கும் பருவம். பச்சையம்மா மரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறி நின்று கழியால் அடித்துக்கொண்டிருந்தபோது கிளை முறிந்து பாறையில் விழுந்துவிட்டாள். வலது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்து, ஒன்று தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. பக்கத்து வீட்டு ரங்கன் ஜீப் பிடித்து மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தான். வளைவுகளில் இறங்கி இறங்கி வந்து சேர்வதற்குள் கை விரல்கள் வெளுத்துச் சில்லிட்டுவிட்டன. முறிந்த எலும்பு ரத்தக் குழாயை அழுத்திக்கொண்டிருந்தது. சீக்கிரம் நேராக்காவிட்டால் கை தப்பாது. எலும்பு டாக்டர் ஜீவானந்தம் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்.

எங்களிடம் மயக்க டாக்டர்கள் இரண்டு பேர்தான். இன்னொருவர் லீவில் இருந்தார். பெற்ற தாய்க்கு மகளே மருந்து கொடுக்க வேண்டிய நிலைமை. வேலூருக்கு அனுப்பலாமா என்று ஜீவானந்தம் கேட்டார். "அது வரைக்கும் கை தாங்காது சார், நானே பண்றேன்" என்றார் அன்பரசி. குரல் வழக்கம்போல மெதுவாகத்தான் இருந்தது. அவருடைய கண்ணாடி தலைமேல் ஏறவில்லை, மூக்கின்மேல் இருந்தது.

முதலில் மிஷினை ஓட்டிவந்து வயிற்றின் வலப்பக்கம், இடப்பக்கம், நெஞ்சு என்று பார்த்தார். உள்ளே எங்கேயும் ரத்தம் கசியவில்லை. இரண்டு பக்கமும் எறும்பு வரிசை ஊர்ந்துகொண்டிருந்தது. கை மட்டும்தான். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

"எப்பம்மா சாப்ட்ட?"

"ஒண்ணும் சாப்டல."

"காலைல?"

"பச்சத்தண்ணிகூடக் குடிக்கல. கேட்டுக்கினே நிக்காத, சீக்கிரம் பண்ணச் சொல்லு."

வாசலில் நின்ற ரங்கனும், "ஆமாங்க, நேத்து ராத்திரி தின்னதுதான்" என்றான். ஜீவானந்தம் கையுறை மாட்டப் போனார். "நல்லதாப் போச்சு. தூங்க வெச்சிடு அன்பரசி. நேரம் இல்ல."

அன்பரசி அம்மாவின் நல்ல கையை எடுத்தார். "என் தலை மேல கை வெச்சு சொல்லும்மா, சாப்டலன்னு."

பச்சையம்மா அந்தக் கையை இழுத்துக்கொண்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, "வலிக்குது, போடி" என்றாள்.

அவ்வளவு போதும். அன்பரசி நெஞ்சுக்குழிக்குக் கீழே களிம்பைத் தடவி மிஷினை வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். வயிறு உருண்டையாக உப்பி இருந்தது. உள்ளே கருப்பில் வெள்ளைப் புள்ளிகள் மின்னி மின்னி மெதுவாக மிதந்தன. மொட்டை மாடியில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்ப்பது மாதிரி இருந்தது. அத்தனை அழகான ஒன்று ஆளைக் கொன்றுவிடும் என்றால் நம்பவே முடியாது.

"கூழ்" என்றார் அன்பரசி. "இப்பதான் குடிச்சிருக்கு. சார், தூங்க வெக்க வேணாம். கைய மட்டும் மரத்துப்போக வெக்கிறேன்."

ஜீவானந்தம் நல்ல மனிதர். நேரம் வீணாவது மட்டும் அவருக்கு ஆகாது. வெளுத்த விரல்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "மரத்துப்போவலன்னா?"

"அப்ப தூங்க வெச்சுத்தான் ஆவணும். அதுக்கும் எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன்."

"சரி, பண்ணு" என்றார் அவர்.

கழுத்துக்குக் கீழே, காறை எலும்புக்கு மேலே ஒரு பள்ளம் இருக்கிறதே, கைக்குப் போகும் நரம்பெல்லாம் அங்கே ஒன்றாகச் சேர்ந்துதான் இறங்குகிறது. அன்பரசி மிஷினின் கைப்பிடியை அங்கே வைத்தார். திரையில் பனி அசைந்தது. பனிக்குள் ஒரு கருவட்டம் துடித்தது, அது ரத்தக் குழாய். அதை ஒட்டிச் சின்னச் சின்ன அறைகளாக நரம்புக் கொத்து. அதற்குச் சற்றுக் கீழே பளிச்சென்று ஒரு கோடு, அதுதான் நுரையீரலின் ஓரம். ஊசி அங்கே இடறிவிட்டால் வேறு வினை வந்து சேரும். பச்சையம்மா தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். "இன்னாடி இது, தேனடை மாதிரி கீது?"

"உன் நரம்பும்மா. ஆடாத."

ஊசியின் முனை திரையில் வெள்ளைக் கோடாக வந்தது. மருந்துக் குழாய் என் கையில் இருந்தது. "மெல்ல, அக்கா" என்றார். நான் மெல்லத் தள்ளினேன். தேனடையைச் சுற்றிக் கருப்பாக மருந்து பரவி, அறைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி மிதந்தன. அன்பரசியின் கை இம்மியும் அசையவில்லை. முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தளும்பி நின்றது. ஊசியை வெளியே எடுத்த பிறகுதான் அதைத் துடைத்துக்கொண்டார்.

இந்த மருந்து உடனே வேலை செய்யாது. கொஞ்சம் காத்திருக்க வேண்டும். ஜீவானந்தம் விரலைக் கிள்ளினார். பச்சையம்மா முனகினாள். மறுபடி காத்திருந்தோம். மறுபடி கிள்ளினார், மறுபடியும் முனகல். விரல்கள் சுண்ணாம்பு நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"ஏன் எல்லாம் நிக்கிறீங்க? காக்க வெக்கிறீங்களா? நான்தான் சாப்டலன்னு சொன்னேனே."

அந்தக் குரலில் இருந்தது வலி இல்லை. அது வேறு என்னவோ. அன்பரசி ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். நடுவில் பச்சைத் துணியைத் திரைபோலக் கட்டி அந்தக் கை அவள் கண்ணில் படாமல் செய்தோம். பிறகு அன்பரசி குனிந்து, எல்லோரிடமும் கேட்பதையே கேட்டார்.

"யம்மா, இங்கேர்ந்து நம்ம வூட்டுக்கு எப்பிடிப் போவணும்? வழி சொல்லு."

"உனக்குத் தெரியாதா?"

"மறந்துட்டேன். நீ சொல்லு, நானும் வர்றேன்."

பச்சையம்மா கண்ணை மூடி வழி சொல்லத் தொடங்கினாள். கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தாள். மலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தாள். அடிவாரத்துத் தோப்பு போனது, வளைவுகள் வந்தன. ஒரு வளைவில் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. காற்று சில்லென்று ஆனது. பஸ்ஸை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடந்தாள். ஓடையைத் தாண்டினாள், தண்ணீர் கொஞ்சமாகத்தான் ஓடியது. சாமை அறுத்த காட்டின் வரப்பில் ஏறினாள். தியேட்டரின் வெள்ளை விளக்கு எனக்கு மறந்தேபோனது. பலா மர நிழலில் நானும் அவர்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். எங்கோ ஜீவானந்தத்தின் கத்தரிகள் தட்டில் மோதும் சத்தம் ஓடைக் கல்லில் தண்ணீர் மோதுவதுபோலக் கேட்டது.

ஊர் எல்லைக்கல் வந்ததும் பச்சையம்மா நின்றுவிட்டாள்.

கீழே இருக்கிற எங்களுக்குத் தெரியாத ஒரு வழக்கம் அந்த மலை ஊர்களில் இருந்தது. நோயாளியை மலையிலிருந்து கீழே இறக்குவதானால், எல்லைக்கல்லில் டோலியையோ ஜீப்பையோ நிறுத்தி, அவர் வீட்டுப் பானையிலிருந்து கொண்டுவந்த கூழை அவருக்குக் குடிக்கக் கொடுப்பார்கள். சொந்த அடுப்பில் காய்ச்சியதைக் குடித்துவிட்டுப் போனவர் திரும்பி வருவார் என்று ஒரு நம்பிக்கை. வெறும் வயிற்றோடு யாரையும் அந்தக் கல்லைத் தாண்ட விடமாட்டார்கள்.

"இங்கதான் உங்கப்பாவுக்கு ஊத்துனேன்" என்றாள் பச்சையம்மா, கண்ணைத் திறக்காமலே. "வயித்து வலியில துடிச்சிக்கினு இருந்தாரு. வேணாம் வேணாம்னாரு. நான்தான் வுடல, ஒரு சொம்பு ஊத்துனேன். கீழ ஆஸ்பத்திரில, சாப்டாரான்னு கேட்டாங்க. ஆமாங்க, கூழ் குடிச்சாருன்னு சொன்னேன். உள்ளத சொன்னேன். அப்ப வயிறு காலியாவட்டும், காத்திருங்கன்னு பெஞ்சில உக்கார வெச்சிட்டாங்க. காத்திருந்தோம். என் மடியில தல வெச்சிக்கினு இன்னும் எவ்ளோ நேரம், இன்னும் எவ்ளோ நேரம்னு கேட்டுக்கினே இருந்தாரு. அப்பறம் கேக்கல."

வயிற்று வலியில் அப்பா போனார் என்பது மட்டுந்தான் தனக்குத் தெரியும் என்று அன்பரசி பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"அன்னிலேர்ந்து மலையில எல்லாருக்கும் நான்தான் சொல்லி வெச்சேன்" என்றாள் அவள். "எல்லைக்கல்லுல ஊத்தாம வுட முடியாது. ஆனா கீழ போய் சாப்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்கன்னு. என்னாலதான்டி அவரு போனாரு. ஊத்துனதும் நானு, சொன்னதும் நானு."

எத்தனை வருடமாக மலைக்காரர்கள் மேல் நான் எரிந்து விழுந்திருக்கிறேன். அந்தப் பொய்யின் வேர் என் முன்னால் ஒரு பழைய பெஞ்சில், புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்பரசி தன் நெற்றியை அம்மாவின் நெற்றியில் வைத்தார். "நீ கூழ் ஊத்துனதும் தப்பில்ல, உண்மையச் சொன்னதும் தப்பில்ல. வயித்துல கூழ் இருந்தாக்கூட அவசரம்னா செய்றதுக்கு வழி கீதும்மா. அன்னிக்கு அங்க யாரும் அந்த வழியத் தேடல. அது உன்னாலயா?"

பச்சையம்மாவின் மூடிய கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் இறங்கியது. அன்பரசி அதை விரலால் துடைத்துவிட்டு, "நட, கல்லுகிட்டயே நிக்காத. வூடு இன்னும் வரல" என்றார்.

அவள் நடந்தாள். கல்லைத் தாண்டினாள். கோழிகள் குறுக்கே ஓடின. உரல் கிடக்கும் வாசல் வந்தது. நாதாங்கி போடாத கதவைத் தள்ளினாள். உள்ளே இருட்டாக, குளிர்ச்சியாக இருந்தது. மூலையில் கூழ்ப் பானை. பாதி குறைந்திருந்தது. பக்கத்தில் கவிழ்த்து வைத்த சொம்பு.

"வந்துட்டேன்" என்றாள் பச்சையம்மா. "வூட்டுக்கு வந்துட்டேன்."

அன்பரசி வழி கேட்டவர்களில் முதன்முதலாக ஒருவர் வீடு போய்ச் சேர்ந்தார்.

பச்சையம்மா கண்ணைத் திறந்து எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு தன்னைத் தயார்செய்துகொள்கிறவள் போல மூச்சை இழுத்துவிட்டு மகளிடம் கேட்டாள்.

"இன்னும் எவ்ளோ நேரம்மா காக்க வெப்பீங்க?"

நான் பச்சைத் துணியை விலக்கினேன். எலும்பு நேராகி, தையல் போட்டு, மாவுக்கட்டுக்கு வெளியே ஐந்து விரல்கள் தெரிந்தன. ஓடைத் தண்ணீரில் விளையாடிவிட்டு வந்த குழந்தையின் விரல்கள் போலச் சிவந்திருந்தன. ஜீவானந்தம் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். எப்போது அந்தக் கை மரத்தது, எப்போது அவர் கத்தியை எடுத்தார் என்று அவளுக்குத் தெரியவே இல்லை. எல்லைக்கல்லுக்கு வெகுமுன்பே, ஓடையைத் தாண்டும்போதே அவர் தொடங்கிவிட்டார்.

"முடிஞ்சிடுச்சும்மா" என்றார் அன்பரசி.